கைப்பிடி உள்ளே

துணைப் பொது மேலாளர் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு வேலையை யார் தலையிலும் கட்டாமல் தானே செய்துகொண்டிருந்தார். விளையாட்டுக் கடைகளில் ஆள் உயரத்துக்கு நிற்குமே, இரண்டு குச்சியும் பன்னிரண்டு பொத்தானுமாக ஒரு வீடியோ கேம் பெட்டி, அதைச் செய்வதுதான் வேலை. மனைவிக்கு இன்று ஐம்பதாவது பிறந்தநாள். கல்யாணத்துக்கு முன்னால் அப்படி ஒரு கடையில்தான் அவள் இவரை வரிசையாகப் பதினோரு ஆட்டம் தோற்கடித்தாள். அன்றைக்கு மயங்கியவர் இன்னும் தெளியவில்லை.

மருந்துக்கடை வேலை முடிந்து அவள் ஆறு மணிக்கு வருவாள். அப்போது பெட்டி ஓட வேண்டும். நானே செய்தேன் என்று அவர் சொல்ல வேண்டும். இருபத்தாறு வருஷத்தில் அந்த வீட்டில் அவர் கைப்பட்டது குளியலறை ரப்பர் கொக்கி ஒன்றுதான். அதுவும் ஆணி வேண்டாம், சுவரில் வைத்து அழுத்தினால் போதும் என்பதால். மற்றபடி அலமாரி, கட்டில், முக்காலி எல்லாம் தச்சரான மைத்துனர் செய்தவை. பெட்டி விஷயம் கேள்விப்பட்டு அவர் ஒத்தாசைக்கு வரட்டுமா என்றார். இது மரவேலை இல்லை, ஒரு திட்டம் என்று இவர் சொல்லி அனுப்பிவிட்டார்.

திட்டத்துக்குப் பதினான்கு பக்க அறிக்கை இருந்தது. நாலாம் பக்கத்தில், 'பின்கதவு: இடைவெளி பூஜ்யம்' என்று தடித்த எழுத்தில்.

அப்படியே செய்தார். திறப்பு எந்த அளவோ கதவும் அதே அளவு. பிறகு மூன்று பூச்சு கறுப்புப் பெயிண்ட். பெயிண்டுக்கும் கனம் உண்டு என்பதை அறிக்கை கவனிக்கவில்லை. நீளக் கீலை முடுக்கிக் கதவைச் சாத்தினால், கீலுக்கு எதிரே திறக்கும் வாய்ப் பக்கம் இடித்தது. ஒத்துவராத ஆளைக் கூட்டத்தில் அமுக்குவதுபோல் தோளால் ஒரு தள்ளு தள்ளினார். மூடிக்கொண்டது. பார்க்க அவ்வளவு அழகு.

திறக்கலாமென்று கைப்பிடியைத் தேடினார். கைப்பிடி உள்ளே இருந்தது, அதைப் பொருத்தவேண்டிய ஸ்க்ரூடிரைவரோடு. பெட்டியை ஓட்டும் சுவிட்சும் உள்ளேதான். கீலின் ஸ்க்ரூக்கள் மூடிய கதவுக்குள் நிம்மதியாக ஒளிந்திருந்தன. நகம் நுழையவில்லை, கத்தி முனையும் நுழையவில்லை. இடைவெளி பூஜ்யம் என்ற இலக்கு முழுமையாக எட்டப்பட்டிருந்தது.

மணி நாலரை. போனை எடுத்தார்.

"மச்சான், ஒரு சின்ன ஆலோசனை வேணும்."

"கதவா மாமா?"

தச்சர் வந்து பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது மேலாளருக்கு. நேரே குளியலறைக்குப் போய் அந்த ரப்பர் கொக்கியைப் பிடுங்கி வந்தார். கதவில் வைத்து அழுத்தி, ஒரே இழுப்பு. கதவு வந்துவிட்டது.

கதவைக் கழற்றி வாய்ப் பக்கத்தை இழைத்தார், விளிம்பைக் கறுப்பு மார்க்கரால் மறைத்தார், வெளியே கைப்பிடியைப் பொருத்தினார்.

"உங்க விசிட்டிங் கார்டு நாலு குடுங்க மாமா."

இரண்டு வரி நீளப் பதவி அச்சிட்ட கார்டுகள். பக்கத்துக்கு இரண்டாகச் சந்தில் செருகி, அந்தக் கனத்துக்கு இடைவெளி விட்டு, கீலை முடுக்கினார்.

"நல்ல கனமான கார்டு," என்றார். அந்தக் கார்டை மனதாரப் பாராட்டிய முதல் ஆள் அவர்தான்.

மேலாளர் தயங்கி, உன் அக்கா கேட்டால் என்ன சொல்வது என்று இழுத்தார்.

"நான் இப்பத்தான் வந்தேன் மாமா. வாழ்த்து சொல்லிட்டுப் போலாம்னு."

ஆறுக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் அவள் வந்தாள். பெட்டியைப் பார்த்துக் கைப்பையைக் கீழே வைத்தாள். பின்னால் போய்க் கதவைத் திறந்து மூடினாள். மறுபடி திறந்து மூடினாள்.

"இந்தக் கதவு நீங்க செஞ்சதில்லையே."

தச்சர் மின்விசிறியை ஆராய ஆரம்பித்தார். 'கூட்டு முயற்சி' என்ற சொல் மேலாளரின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டார்.

"நான் மாட்டினப்ப அது தொறக்கவே இல்ல. உன் தம்பிதான் காப்பாத்தினான்."

"மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் நான்தான்."

"தெரியுது," என்றாள், முன்பக்கம் வந்து. முதல் குச்சிக்குப் பக்கத்தில் ஆறு பொத்தான்கள் படிக்கட்டுபோல் ஒன்றைவிட ஒன்று உயரமாக ஏறிக்கொண்டிருந்தன. அவற்றின் மேல் மெதுவாக விரலை ஓட்டினாள். முதல் படியிலிருந்து இன்னொரு தடவை ஓட்டினாள். பிறகு ஒருபக்கமாக நகர்ந்து, இரண்டாவது குச்சிக்கு இடம் விட்டாள்.

"வாங்க. பன்னண்டாவது ஆட்டம்."