கன்ட்ரோல் எஸ் அழுத்தினால் வரி போய்விடும்

1.
இந்தக் கதை ஒரு விசையிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கணவர் நாளிதழ் ஒன்றில் துணை ஆசிரியராக இருந்தவர். அந்த அலுவலகத்து மென்பொருளில் கன்ட்ரோல் எஸ் அழுத்தினால் கர்சர் நிற்கிற வரி காலி. ஊர் உலகமெல்லாம் சேமிக்கப் பயன்படுத்தும் விசையை அவர்கள் வெட்டுவதற்கு வைத்திருந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் வழியே தனி.

இப்போது அவருக்கு மறதி நோய். என்னைத் தெரியவில்லை. விரல்களுக்கு மட்டும் வேலை ஞாபகமிருக்கிறது.

2.
(முதலில் எழுதிய தொடக்கம்: 'மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில்...' வேண்டாம். அன்று மழையே இல்லை.)

காலையில் சட்டையை டக் செய்துகொண்டு என் கணினி முன் உட்கார்ந்துவிடுவார். என் கதைகள்தான் அவருக்கு அன்றைய செய்திகள். ஆனால் நான் எழுதும் மென்பொருளில் அவர் விசைக்கு வரி போகவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினார். பிறகு விரல்களைப் பார்த்து அழுதார்.

"எனக்கு வேலையே மறந்து போச்சும்மா. வீட்டுல சொல்லிடாதீங்க, பயந்துடுவா."

பயந்துதான் போனேன். மகளுக்குப் போன் போட்டேன்.

"செட்டிங்ஸ்ல ஷார்ட்கட்டை மாத்திக்கலாம்மா. ஆனா அப்புறம் நீ எப்படி எழுதுவ?"

"நான் எப்படியோ எழுதிக்கிறேன். எங்க போய் மாத்தணும், அதைச் சொல்லு."

3.
இங்கே எங்கள் கல்யாணத்தைப் பற்றி நல்ல வாக்கியம் ஒன்று இருந்தது. பழக்க தோஷம், சேமிக்கப் போய் வெட்டிவிட்டேன். முதல் வரி மட்டும் தப்பியது:

நான் அவரை முதன்முதலில் பார்த்தபோது அவர் கையில்

4.
நேற்று இந்தக் கதையையே அவர் முன் திறந்து வைத்தேன். படித்தால் புரிந்துகொள்வார் என்று ஒரு நப்பாசை. 'இதில் வருகிறவர் நீங்கள்தான், எழுதுவது உங்கள் மனைவி' என்று ஒரு வரியும் சேர்த்திருந்தேன்.

கர்சர் அங்கே வந்து நின்றது. கன்ட்ரோல் எஸ்.

"ஏன் சார்* எடுத்துட்டீங்க?"

"யார் சொன்னதுன்னு இல்லையேம்மா. உறுதி பண்ணாததைப் போடக் கூடாது."

எவ்வளவு சுத்தமாக வெட்டினார்! சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. சமையலறைக்குப் போய் இரண்டையும் செய்தேன்.

(* 'என்னங்க' என்று கூப்பிட்டால், வேறு யாரையோ அழைக்கிறேன் என்று திரும்பிப் பார்க்கிறார்.)

5.
முடிவு ஒன்று: அவருக்கு நினைவு வருகிறது. பொய்.

முடிவு இரண்டு: விசைகளைப் பழையபடி மாற்றிவிட்டு நான் நிம்மதியாக எழுதுகிறேன். அவர் மறுபடியும் விரல்களைப் பார்த்து

வேண்டாம்.

இன்று படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லா இருக்கும்மா. கடைசில அவருக்குத் தன் சம்சாரத்தைத் தெரிஞ்சுதா?"

"இன்னும் எழுதல சார்."

"தெரிஞ்ச மாதிரி எழுதுங்க. பாவம், அந்தப் பொம்பள."

அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. உங்களுக்கு வந்தால் எழுதுங்கள். படிக்க அவர் காத்திருக்கிறார்.