மூன்று, ஆறு, ஒன்பது

வருடத்தின் கடைசி நாள் மதியம் ஒன்றரை மணிக்கு, நான் எடுத்த வகுப்பை நானே உட்கார்ந்து கேட்கும் நிலைமை எனக்கு வந்தது.

முன்கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு மருத்துவமனையில் காப்பீட்டுப் பிரிவின் தலைவி. நோயாளிக்கு வைத்தியம் பார்ப்பது டாக்டர்கள். அதற்கான கிளெய்மைக் காப்பீட்டுக் கம்பெனி திருப்பி அனுப்பாமல் பார்த்துக்கொள்வது நாங்கள். எங்களைப் போன்றவர்களுக்கென்று ஒரு சங்கம் உண்டு. 'கூடிச் செய்வோம், கற்றுக்கொண்டே இருப்போம்' என்பது அதன் வாசகம். சங்கத்தின் சான்றிதழ் இருந்தால்தான் எனக்கு அந்த நாற்காலி. இல்லையென்றால், எனக்குக் கீழே இருப்பவருக்குக் கீழே எனக்கு ஒரு ஸ்டூல் போடுவார்கள். சான்றிதழ் உயிரோடு இருக்க வருடத்துக்கு நாற்பது மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். என்னிடம் முப்பத்தெட்டுதான் இருந்தது. மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது.

இத்தனைக்கும் அந்த வருடம் பதினொரு வகுப்பு எடுத்திருந்தேன். அதில் ஒரு நிமிடம்கூடச் செல்லாது. வகுப்பு எடுப்பது படிப்பதாகாது என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவந்த புண்ணியவதி நான்தான். ஒரு பெரிய மனிதர் ஒரே பேச்சை ஏழு இடத்தில் பேசி மணிகளை அள்ளிக்கொண்டிருந்தார். அவரை மடக்கத்தான் கொண்டுவந்தேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த வருடம் ஓய்வு பெற்றுவிட்டார். தீர்மானத்தில் மாட்டிக்கொள்ள நான் மட்டும் மிச்சம்.

அன்றைக்குத் திறந்திருந்த ஒரே இணைய வகுப்பு 'கிளெய்ம் மறுக்கப்படாமல் இருக்க'. இரண்டு மணி நேரம், மார்ச் மாதம் பதிவு செய்தது, பேச்சாளர் நான். நான் பேசினால் மணி கிடையாது; நான் பேசியதை நானே கேட்டால் உண்டு. தீர்மானத்தில் இப்படி ஓர் ஓட்டையை விட்டுவைத்த என் அசட்டுத்தனத்தை மனதாரப் பாராட்டிக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியைத் திறந்தேன்.

பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரான என் வீட்டுக்காரர் விடுமுறையில் பக்கத்து அறையில் படுத்திருந்தார். அரைமணி நேரம் பொறுத்துவிட்டு எழுந்து வந்தார்.

"யாரது, ஒரே விஷயத்தை மூணு தடவை சொல்லுது?"

"நான்தாங்க."

"அதானே, பழகின குரலா இருக்கேன்னு பார்த்தேன்," என்று கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஊருக்கு உபதேசம் செய்கிறவள் தன் உபதேசத்தை ஒருமுறையாவது முழுதாகக் கேட்க வேண்டும். பாதிப் பேர் தொழிலை விட்டுவிடுவார்கள். வகுப்பை ஓடவிட்டு எழுந்து போகவும் வழியில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 'இருக்கிறீர்களா?' என்று திரை கேட்கும். அதை வைக்கச் சொன்னது கல்விக்குழு. கல்விக்குழுவில் நானும் ஒருத்தி.

மூன்றரை மணிக்குப் பரீட்சை. பத்துக் கேள்வி, எட்டு சரியாக இருந்தால் தேர்ச்சி, மூன்று வாய்ப்பு. நான்கே நிமிடத்தில் முடித்தேன். ஏழு மதிப்பெண் வந்தது. கை தவறியிருக்கும் என்று, விதிப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாக மறுபடி எழுதினேன். அதே ஏழு.

கீழே விளக்கம் வந்தது. மூன்றாம் கேள்வி: அவசரமாகச் சேர்க்கப்பட்ட நோயாளியைப் பற்றிக் காப்பீட்டுக் கம்பெனிக்கு எத்தனை மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்? என் விடை பன்னிரண்டு. சரியான விடை இருபத்துநான்கு. ஆதாரம்: பேச்சாளர் கூறியபடி.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மார்ச் மாதம் அது இருபத்துநான்குதான். ஜூனில் விதி மாறிப் பன்னிரண்டாகிவிட்டது. எங்கள் பிரிவில் எல்லோரையும் நிற்க வைத்து அதை ஒப்பிக்கச் சொன்னவள் நான். ஆறாம் கேள்வியும் ஒன்பதாம் கேள்வியும் அதே கதை. விதி மாறியும் விடைத்தாளை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. யாருக்கும் என்றால் எனக்கு. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

சங்க அலுவலகத்துக்குச் சொன்னால் உடனே வகுப்பை நிறுத்திவிடுவார்கள். என் சான்றிதழ் ஐந்து மணிக்குக் கண்ணை மூடிவிடும். மிச்சமிருப்பது ஒரே வாய்ப்பு. அப்போதுதான் ஓட்டல்காரர் ஞாபகம் வந்தது.

ஓட்டல் கணக்குப் பிரிவிலிருந்து மருத்துவமனைக்கு வந்தவர் என்பதால் அந்தப் பெயர். என்னைவிட இரண்டு வயது பெரியவர். சங்கத்தின் வழிகாட்டித் திட்டத்தில் அவருக்கு வழி காட்ட என்னை நியமித்திருந்தார்கள். ஆகஸ்டில் இதே பரீட்சையில் மூன்று முறையும் தோற்றார். அவர் மருத்துவமனையில் துணை மேலாளர் பதவி அதனால் கைநழுவியது. அன்று போனில் ஏதோ விளக்க வந்தவரை, 'வகுப்பை முழுமையாகக் கவனிக்கவும்' என்று சொல்லி நான் பேசவே விடவில்லை. 'கவனிக்கும் பழக்கம் போதாது' என்று அறிக்கையிலும் எழுதினேன்.

"சார், அந்தப் பரீட்சையில உங்களுக்கு எத்தனை வந்துச்சு?" என்று கேட்டேன்.

"மூணு தடவையும் ஏழு, மேடம். நீங்க இப்ப எழுதுறீங்களா?"

"ஆமா."

"மூணு, ஆறு, ஒன்பது. அதுக்கு மட்டும் பழைய விடையைப் போடுங்க, பத்தும் வந்துரும். எல்லாருக்கும் தெரியும் மேடம். வாட்ஸ்அப் குரூப்ல ஜூலையிலேயே போட்டுட்டாங்க. கமிட்டிக்காரங்க மட்டும் அந்த குரூப்ல இல்ல."

கூடிச் செய்வோம் என்று நாங்கள் சொன்னதை உறுப்பினர்கள் இவ்வளவு சிரத்தையாக எடுத்துக்கொள்வார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"தெரிஞ்சும் நீங்க ஏன் போடலை?"

"போடலாம்னுதான் உட்கார்ந்தேன். கை வரலை. நாளைக்கு அதே பழக்கத்துல ஆஸ்பத்திரியிலயும் இருபத்துநாலுன்னு இருந்துட்டா, யாரோ ஒரு நோயாளியோட கிளெய்ம் திரும்பி வரும்." பிறகு தயங்கிச் சொன்னார்: "பாஸானதும் ஒரு புகார் எழுதிப் போடுங்க மேடம். நான் போட்டேன், எடுபடலை. ஃபெயிலானவன் சொன்னா யார் கேக்கறாங்க? நீங்க சொன்னா கேப்பாங்க."

போனை வைத்துவிட்டு மூன்று இடத்திலும் பொய்யைப் போட்டேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் போட்டேன். நூற்றுக்கு நூறு. திரையில் பூ மழை பொழிந்தது, சான்றிதழ் வந்து இறங்கியது. மணி நான்கு இருபது.

அவர் கேட்டுக்கொண்டதற்காகப் புகார்ப் பக்கத்தைத் திறந்து நான்கு வரி எழுதி அனுப்பினேன். அரை நிமிடத்தில் எனக்கே ஒரு மின்னஞ்சல் வந்தது: 'உங்கள் வகுப்பைப் பற்றி ஒரு புதிய புகார். பேச்சாளர் என்ற முறையில் பரிசீலித்து முடிவு தெரிவிக்கவும்.'

புகார்கள் முதலில் பேச்சாளரிடம்தான் போகும் என்பதை மறந்தே போயிருந்தேன். எண் மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. பட்டியலைக் கீழே இழுத்தேன். ஆகஸ்டில் ஒரு புகார், முக்கால் பக்கம். மூன்று கேள்விகளும், பழைய விதியும், புதிய விதியும், தேதியோடு, பக்க எண்ணோடு. அவ்வளவு சுத்தமான குறிப்பை என் பிரிவில் ஒருவரும் எனக்கு எழுதித் தந்ததில்லை. அதன் கீழே கல்விக்குழுவின் பெயரில் பதில்: 'வகுப்பை முழுமையாகக் கவனிக்கவும்.' அன்று வண்டிக்குக் காத்திருந்த நேரத்தில் ஒன்பது புகாரை ஒரே மூச்சில் இந்த ஒரு வரியால் மூடியிருக்கிறேன். ஒன்றையும் படிக்கவில்லை.

தோற்றவர் ஓட்டல்காரர் இல்லை. அவரைத் தோற்கடித்தவள் நான். இதைச் சொல்லிக்கொள்ள வேறு நல்ல வார்த்தை கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் புகாரின் மேல் 'ஏற்கிறேன்' என்று ஒரு பொத்தான். அழுத்தப் போனதும் எச்சரிக்கை வந்தது: ஜூனுக்குப் பிறகு பெற்ற தேர்ச்சிகள், மொத்தம் இருநூற்றுப் பதினேழு, ரத்தாகும். இருநூற்றுப் பதினாறு பேருக்கு அடுத்த வருடம் எழுதிக்கொள்ள வழி இருக்கும். இருநூற்றுப் பதினேழாவது ஆள் நான்; இந்த இரண்டு மணி நேரம் போனால் என் சான்றிதழும் போகும். ஐந்து மணி தாண்டி அழுத்தினால் என் சான்றிதழ் தப்பிக்குமா என்று விதிப் புத்தகத்தைப் புரட்டியதையும் மறைக்க மாட்டேன். தப்பிக்கும்.

கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம் இல்லை. நான்கு நாற்பதுக்கு அழுத்தினேன். மேஜையில் இருந்த போன் ஐந்து நிமிடத்தில் அடித்தது.

"மேடம், என் ஆகஸ்ட் புகாரை ஏத்துக்கிட்டாங்களாம், மெயில் வந்திருக்கு. மார்க்கையும் பத்தாக்கிட்டாங்க. உங்க புகாராலதான் இவ்வளவும்."

"என்னால இல்ல சார். ஆகஸ்ட்ல உங்களுக்கு அந்த பதிலைப் போட்டதே நான்தான்."



"தெரியும் மேடம்," என்றார். "அன்னிக்கு போன்லயும் இதே வார்த்தையைத்தான் சொன்னீங்க."