இரண்டாவது கேள்வி

அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் பொழுது விடிவதற்கு முன்பே வேர்வை வந்துவிடும். கோடைக்காலத்துக் கடல் ஈரம் இரும்பு வேலை நடக்கும் யார்டின் மேல் நனைந்த சாக்கு போல விழுந்து கிடந்தது. அதனடியில் கார்மேகமும் மற்றவர்களும் இரும்பு பீம்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். இரவெல்லாம் கிடந்தும் ஆறாத இரும்பு. கையுறையைத் தாண்டி உள்ளங்கையில் சூடு ஏறியது. கிரைண்டரிலிருந்து தெறித்த பொறி கழுத்துக்குள் விழுந்தாலும் உதற முடியாது. தலைக்கு மேல் கிரேன் ஆடும்போது, கீழே நிற்கிறவன் கொக்கியை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது.

"யல்லா! ஜல்தி!" என்று அவசரப்படுத்திப் போர்மேன் கத்திக்கொண்டே போனான்.

அவன் பின்னால் விஜயபாஸ்கர் வந்தான். அழுக்குப் படாத தலைக்கவசம், கையில் குளிர்ந்த தண்ணீர் பாட்டில். தொழிலாளர் நலக் கமிட்டித் தலைவன். ஆட்கள் தங்கும் கேம்ப்பில் இருக்கிற அத்தனை பேரும் ஓட்டுப் போட்டு, நம்ம குறையை ஆபீஸில் சொல்வான் என்று ஏற்றிவைத்த ஆள். அவனைக் கண்டதும் கார்மேகத்தின் கை தானாக இடுப்பிலிருந்த ஸ்பேனரைத் தேடியது.

கார்மேகத்தின் தங்கை கனகாவைக் கட்டியவன் ராமையா. கமுதிப் பக்கத்து ஊரிலிருந்து மச்சானும் மாப்பிள்ளையும் ஒன்றாகத்தான் விமானம் ஏறினார்கள், ஒரே அறையில் மேல் கட்டிலும் கீழ்க் கட்டிலுமாகப் படுத்தார்கள். சென்ற மாசியில், இதே யார்டில், பீமைத் தூக்கிய பெல்ட் அறுந்தது. நைந்து நூல் நூலாகப் பிரிந்திருந்த பெல்ட். ராமையாவின் வலது கை மணிக்கட்டுக்கு மேலே நசுங்கிப் போனது. ஆஸ்பத்திரியில் அந்தக் கையை எடுத்துவிட்டார்கள்.

விசாரணையில் விஜயபாஸ்கர், "ராமையா போன் பேசிட்டு இருந்தாப்ல, நான் என் கண்ணால பார்த்தேன்" என்று சாட்சி சொன்னான். அன்றைக்கு ராமையாவின் போன் அறையில், கார்மேகத்தின் தலைமாட்டில் சார்ஜில் கிடந்தது. அதை யாரும் கேட்கவில்லை. தன் கவனக்குறைவால் கையை இழந்தவன் என்று எழுதி, அவனை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவன் ஊர் போய்ச் சேர்ந்த மறுவாரம் கனகா போனில் சொன்னாள்.

"அண்ணே, ரசஞ்சோறு பெசஞ்சு நாந்தேன் ஊட்டிவிட்டேன். ரெண்டு வாய் வாங்குனாரு. அப்பறம் செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. அழுவுறது எனக்குத் தெரியக் கூடாதாம்."

அன்றிலிருந்து கார்மேகத்துக்குச் சோறு இறங்கவில்லை. விஜயபாஸ்கர் எப்போது தனியாகக் குளிக்கப் போகிறான், எந்த வழியில் திரும்புகிறான் என்று பார்த்துவைத்துக்கொண்டான். அவனுடைய வலது கை. அது போதும்.

இதை மோப்பம் பிடித்தவன் வெல்டர் மணிமாறன். நாகப்பட்டினத்துக்காரன். ஊரில் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் கொடி பிடித்து வளர்ந்தவன். குளியலறை வாசலில் கார்மேகத்தின் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

"ஸ்பேனர எங்கிட்ட குடுங்கண்ணே."

"விலகு. என் மாப்ளைக்கு இல்லாத கை அவனுக்கு எதுக்கு?"

"அடிச்சீங்கன்னா அவன் ஆஸ்பத்திரி போவான், நீங்க ஜெயிலுக்குப் போவீங்க. ஊர்ல ராமையா அண்ணன் கைய விட்டது கவனக்குறைவாலதான்ங்கிற பேச்சு அப்படியே நிக்கும். யாருண்ணே அவன ஏத்துனது? நாமதான? நாமளே இறக்குவோம். எல்லாரும் பாக்க இறக்குவோம்."

அப்படி ஒரு விதி இருந்தது. பாதிப் பேருக்கு மேல் கேட்டால், பதவிக் காலம் முடியும் முன்பே கமிட்டித் தலைவனை ஓட்டெடுப்பு வைத்து இறக்கலாம். யாரும் கேட்டதில்லை. மணிமாறனும் கார்மேகமும் அறை அறையாக ஏறி இறங்கினார்கள். மெஸ் வரிசையில், துணி துவைக்கிற இடத்தில், பஸ்ஸின் கடைசி இருக்கையில் பேசினார்கள். ராமையாவின் கையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் போதும். அவரவர் யார்டில் பார்த்த நைந்த பெல்ட்டைப் பற்றி அவரவர் சொன்னார்கள். பாதிக்கு மேல் பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

மேனேஜர் கோபாலசாமி கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவரோ சிரித்தார். திருச்சியில் படித்து, அபுதாபி நகருக்குள் குடும்பத்தோடு இருக்கிறவர்.

"ஓட்டெடுப்புதானே? தாராளமா வைக்கலாம். ஒரே சீட்டில ரெண்டு கேள்வி. முதல் கேள்வி, விஜயபாஸ்கரை எடுக்கணுமா வேண்டாமா. ரெண்டாவது, எடுத்தா அந்த இடத்துக்கு யார். யார் வேணும்னாலும் நிக்கலாம். யாருக்கு அதிக ஓட்டோ அவர்தான். இதைவிட ஜனநாயகம் வேற என்ன வேணும்?"

மறுநாளே ஆட்கள் முளைத்தார்கள். தெலுங்கர்களுக்கு ஒருவர், மலையாளிகளுக்கு ஒருவர், வங்காளிகளுக்கு ஒருவர், கிரிக்கெட் அணிக்காரர்களுக்கு அவர்களுடைய கேப்டன். எல்லாருக்கும் மேலே நிதின். அவன் யார்டில் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. விளையாட்டும் பண்டிகை நிகழ்ச்சிகளும் நடத்த ஆபீஸ் வைத்திருந்த பையன். அவன் ஆடிப் போடும் வீடியோக்களைப் பார்க்காத போன் கேம்ப்பில் கிடையாது. மெஸ்ஸில் மேசைமேல் ஏறி நின்று சொன்னான்: "எனக்கு எந்தக் கோஷ்டியும் இல்ல பாய். நான் வெளியாள். அதான் சுத்தமான ஆள்." கைதட்டல் எழுந்தது. வெள்ளிக்கிழமைதோறும் பிரியாணி என்றும் சொன்னான். இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

அன்று சாயங்காலம் மணிமாறனின் அறையில் பத்துப் பதினைந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

"மொத கேள்வி நம்ம கையில. ரெண்டாவதுலதான் நமக்குக் கண்ணி வச்சிருக்கான்" என்றான் மணிமாறன். "ஆளாளுக்கு நம்ம ஓட்டப் பிரிச்சிக்கிட்டா, கால்வாசி வாங்குனவன் ஜெயிச்சிருவான். அந்தக் கால்வாசி நிதினுக்கு இருக்கு."

"அப்ப ரெண்டாவது கேள்விய யாரும் தொடாம விட்டுருவோம்" என்றார் ஒருவர். "இறக்குறது மட்டுந்தான் நம்ம வேல. இந்த நாடகத்துல நமக்கென்ன பங்கு?"

"காலியா விட்டா நாற்காலி காலியாவா கெடக்கும்? நிதின் வந்து உக்காந்துருவான். அப்பறம் அடுத்த ஆளு கை போனா அவன்தான் சாட்சி சொல்லுவான். எல்லாருக்கும் பொதுவா ஒருத்தர நிறுத்தணும்."

"நான் நிக்கிறேன்" என்றான் கார்மேகம்.

மணிமாறன் அவனை நேராகப் பார்த்தான். "ஷம்சாத் பாய் நின்னா என்னண்ணே?"

ஷம்சாத் பீகார்க்காரர். விபத்து நடந்த அன்று அறுந்த பெல்ட்டுக்கு அடியில் முதலில் ஓடியவர். தன் சட்டையைக் கழற்றி ராமையாவின் கையை இறுக்கிக் கட்டி, வண்டி வரும்வரை மடியில் வைத்திருந்தவர். விசாரணையில், "போன் நஹி தா சாப்", கையில் போன் இல்லை என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். அதற்குப் பரிசாகப் பெயிண்ட் ஷெட்டுக்கு மாற்றினார்கள். அவருடைய இருமல் இப்போது இரண்டு அறை தாண்டிக் கேட்கும். இந்திக்காரர்கள் அவருக்குப் போடுவார்கள். வங்காளிகளும் போடுவார்கள். தமிழர்களும் சேர்ந்தால் நிதின் கதை முடிந்தது.

"போனது என் மாப்ள கை" என்றான் கார்மேகம். "அந்த நாற்காலில நான் உக்காரணும். விஜயபாஸ்கரு எனக்கு முன்னால நிக்கணும். இத யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்."

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான்.

அடுத்த நாள் மதியம் கோபாலசாமி அவனை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். உள்ளே ஏசி குளிரில் வேர்வை முதுகில் உறைந்தது.

"உக்காருங்க கார்மேகம். டீ சாப்பிடுங்க. நீங்க நிக்கப் போறதா கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோஷம்."

கார்மேகம் உட்காரவில்லை.

"ராமையா விஷயத்துல எனக்கும் வருத்தம்தான். நீங்க ஜெயிச்சதும் விஜயபாஸ்கரைப் பாலைவன சைட்டுக்குத் தூக்கிடறேன். உங்க மனசுக்கும் ஒரு ஆறுதல். தமிழ் ஆளுங்க ஓட்டு மொத்தமா உங்களுக்கு விழட்டும். அந்த ஷம்சாத் எல்லாம் நமக்கு எதுக்கு? மொழி தெரியாத ஆளு."

"விஜயபாஸ்கரு உங்க ஆளுதான சார்?"

"இருந்தார்" என்றார் கோபாலசாமி, டீயை உறிஞ்சிக்கொண்டே.

அந்த ஒரு சொல்லில் கார்மேகத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கிழிந்த கையுறையை வீசுவதுபோல ஓர் ஆளை வீசுகிறார். அடுத்த கையுறைக்குத் தன்னை அளவு பார்க்கிறார்.

"ராமையா போன் பேசுனான்னு சொல்லச் சொன்னது யாரு சார்?"

"பழசை எதுக்கு இப்ப?"

"பெல்ட்டு நைஞ்சுபோச்சு, மாத்தணும்னு போர்மேன் ரெண்டு தடவ வந்து நின்னாரே. 'இந்த மாசம் ஓடட்டும்'னு சொன்னது யாரு சார்?"

கோபாலசாமி கோப்பையைக் கீழே வைத்தார். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "உங்க விசா புதுப்பிக்கிறது என் டேபிள்லதான் இருக்கு. மறந்துடாதீங்க."

"மறக்கல சார். எதையும் மறக்கல."

வெளியே வந்தவனை வெயில் அறைந்தது. உள்ளே எரிந்த ஆத்திரத்தில் ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை. ஆனால் இத்தனை நாளும் அதை ஒரு கூலிக்காரன் மேல் கொட்டித் தீர்க்கப் பார்த்தோமே என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது. சுவரோரம் நின்று ராமையாவுக்குப் போன் போட்டான். நடந்ததைச் சொன்னான்.

ராமையா கடைசிவரை கேட்டான். பிறகு சொன்னான்: "மச்சான், நீ நிக்கணும்னுதேன் அவன் ஆசப்படுறான்னா, நீ நிக்காத. அவன் மூஞ்சி செத்துப்போவணும். அது எனக்கு வேணும்."

அன்று சாயங்காலம் மெஸ்ஸில் தட்டுச் சத்தத்துக்கு நடுவே கார்மேகம் பெஞ்சின்மேல் ஏறினான். மேடைப் பேச்சு அவனுக்குத் தெரியாது.

"நான் நிக்கல. என் ஓட்டு ஷம்சாத் பாய்க்கு. மேரா வோட், ஷம்சாத் பாய்!"

"எலே, நம்மூர்க்காரன இறக்கிட்டு வடக்கத்தியான ஏத்தவா?" என்று தமிழர்கள் மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ராமையா ரத்தத்துல கெடந்தப்ப நீயும் அங்கதான் நின்ன, நானும் அங்கதான் நின்னேன். நமக்குக் கை ஓடல. சட்டையக் கழட்டுனது யாரு? ஒரு தமிழன் பேரச் சொல்லு, அவனுக்கே போடுறேன்." கார்மேகம் மேசை மேசையாகப் பார்த்தான். "சாட்சி சொன்னது யாரு, பொய் சொன்னது யாரு? எந்த ஊர்க்காரன் எதச் செஞ்சான்? ஆபீஸ்ல என்னையும் நிக்கச் சொன்னாரு மேனேஜர். டீ குடுத்துச் சொன்னாரு. நிக்கிற மத்தவங்களும் யோசிங்க. ஒங்களுக்கு யாரு டீ குடுத்தது?"

மணிமாறன் அதை இந்தியில் சொன்னான். ஒருவன் அதை வங்க மொழியில் சொன்னான். கிரிக்கெட் கேப்டன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தான். "கலாஸ், முடிஞ்சுது. நானும் நிக்கல" என்றான். தெலுங்குக்காரரும் வங்காளியும் மறுநாள் விலகினார்கள். மலையாளி கடைசிவரை யோசித்து விலகினார். மூலையில் உட்கார்ந்திருந்த ஷம்சாத் இருமலை அடக்கிக்கொண்டு, ராமையாவிடம் கற்ற தமிழில், "தம்பி, எனக்குப் பேச வராதே" என்றார்.

"உண்மையச் சொல்ல வந்துச்சே பாய். அது போதும்" என்றான் கார்மேகம்.

லீவு நாளில் ஓட்டெடுப்பு நடந்தது. முதல் கேள்வியில் விஜயபாஸ்கர் குப்புற விழுந்தான். அந்தக் கணத்தில் அவன் முகம் வெளுத்ததைக் கார்மேகம் வைத்த கண் வாங்காமல் பார்த்தான். இனித்தது. பொய் சொல்வானேன், வயிறு வரை இனித்தது. இரண்டாவது கேள்வியில் நிதினைத் தாண்டி ஷம்சாத் முன்னால் வந்தார். கேம்ப்பே தட்டைத் தட்டியது. அந்தச் சத்தத்தில் கோபாலசாமி எழுந்து போனதை ஒரு சிலர்தான் கவனித்தார்கள்.

மறுநாள் காலை வேலைக்குப் போனவர்கள், மதிய ஓய்வுக்குக் கேம்ப்புக்குத் திரும்பியபோது வாசலில் ஷம்சாத் பையோடு நின்றார். விசா ரத்து. சாயங்காலம் விமானம். கமிட்டியை இப்போதைக்கு நிதின் பார்த்துக்கொள்வார் என்று பலகையில் ஒட்டியிருந்தது.

யாரும் படுக்கவில்லை. அறைக்கு அறை பேச்சு ஓடியது. மூன்று மணிக்கு யார்டுக்குப் போகும் பஸ்கள் வரிசையாக வந்து நின்று ஹாரன் அடித்தன. ஆட்கள் கீழே இறங்கி வந்தார்கள். வேலைக்கான கவரால் உடுப்புப் போட்டிருந்தார்கள், தண்ணீர்க் குடுவை வைத்திருந்தார்கள். ஆனால் பஸ்ஸில் ஏறவில்லை. வெயிலில், ஷம்சாத்தைச் சுற்றி அப்படியே உட்கார்ந்தார்கள்.

முதல் பஸ்ஸில் விஜயபாஸ்கர் மட்டும் ஏறியிருந்தான். அத்தனை காலி இருக்கைகளுக்கு நடுவே தலையைக் குனிந்து தனியாக உட்கார்ந்திருந்தான். கார்மேகம் அவனை ஒரு தரம் பார்த்தான். அவனை மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை. ஆனால் அவனைப் பார்க்க இப்போது நேரமில்லை. கோபாலசாமியின் கார் வாசலுக்குள் வந்துகொண்டிருந்தது.

"என்ன இது? ஏறுங்க எல்லாரும்! இந்த ஊர்ல இதுக்கு என்ன தண்டனைன்னு தெரியுமா?"

"தெரியும் சார்" என்றான் கார்மேகம், உட்கார்ந்த இடத்திலிருந்தே. "ஷம்சாத் பாய் ஏறுனா நாங்களும் ஏறுறோம். இல்லாட்டி லேபர் ஆபீஸ்காரங்களக் கூப்பிடுங்க. பெல்ட்டுலேர்ந்து ஆரம்பிச்சு எல்லாத்தையும் சொல்றோம்."

கோபாலசாமி பஸ் டிரைவரைப் பார்த்துக் கையை ஆட்டினார். வண்டியை எடு என்று சைகை. பெஷாவரிலிருந்து வந்த கிழட்டு டிரைவர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் நின்றது. இறங்கி வந்து, சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு அவர்களோடு உட்கார்ந்தார்.

கோபாலசாமி யார் யாருக்கோ போன் போட்டார். நிழலில்லாத இடம். அவருடைய சட்டை முதுகோடு ஒட்டத் தொடங்கியது.

மணிமாறன் மெதுவாகக் கேட்டான். "அண்ணே, நமக்கும் ஊருக்கு டிக்கெட் போட்டுருவானுங்க, தெரியும்ல?"

இரண்டாவது பிளாக்கின் படிகளில் இன்னும் ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கார்மேகம் நகர்ந்து அவர்களுக்கு இடம் விட்டான்.

"போடட்டும்" என்றான். "எத்தன பேருக்குப் போடுவான்னு பாப்போம்."