தாய்மாமன் வாங்கிய பங்கு

அமெரிக்க நாணயத்தில் பார்த்தால் நாட்டையே தன் சிறகுக்கடியில் வைத்திருப்பதுபோல் இருக்கும் வெண்தலைக் கழுகு. அலாஸ்காவில், எங்கள் ஹூனா துறைமுகத்தில் பார்த்தால், கண்ணுகளா, மீன் குடல் கொட்டும் இடத்தில் முதல் ஆளாக நிற்கும். குரலும் அதற்கேற்ற கம்பீரம்: எண்ணெய் காணாத கதவுக் கீல்.

இங்கே மனிதர்களும் இரண்டே பக்கம். தாய்வழியில் அண்டங்காக்கைப் பக்கம், இல்லையென்றால் கழுகுப் பக்கம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் எதிர்ப்பக்கத்தில்தான். மட்ரோனா காக்கை. அவள் புருஷன் ஹெர்மன் கழுகு. அந்தப் பெருமையை அவன் தூங்கும்போதுகூடக் கழற்றி வைப்பதில்லை.

மட்ரோனாவின் அம்மா போய்ச் சேர்ந்து, விடிந்தால் நாற்பதாம் நாள். அடக்கம் செய்து கொடுத்த கழுகுப் பக்கத்தாருக்குக் காக்கைப் பக்கம் விருந்து போட வேண்டும். அதற்கு முன்பு, போனவளுக்குப் பிடித்ததை நெருப்பில் இட வேண்டும். அவளுக்குப் பிடித்தது கிங் சால்மன் மீன். ஐந்து நாள் கடலில் அலைந்து ஹெர்மன் பிடித்தது ஒன்றே ஒன்று. அதைப் படகுத்துறைப் பலகையில் வைத்துவிட்டுக் கயிறு கட்டக் குனிந்தான்.

வந்தது கழுகு. அது இரண்டு கிலோ தூக்கினாலே பெரிய விஷயம். பிடித்ததோ எட்டுக் கிலோ. பலகையைத் தாண்டியதும் மீனோடு தொப்பென்று தண்ணீரில் விழுந்தது. விட்டுவிட்டுப் பறந்திருக்கலாம். அந்த யோசனையெல்லாம் அதற்கு எதற்கு? இறக்கையைத் துடுப்பாகப் போட்டுக் கரைக்கு நீந்தியது.

"பாருங்க, உங்க தாய்மாமன் நீச்சலடிக்கிற அழகை!" என்றாள் கரையில் நின்ற மட்ரோனா. "போய்ப் பிடுங்குங்களேன்!"

"சும்மா இருடி. சட்டப்படி கழுகு மேல கை வச்சா ஜெயிலு." ஹெர்மன் கரைக்கு வந்து கூழாங்கல்லில் குந்தி உட்கார்ந்தான். "மாமா, பெரிய மனசு பண்ணுங்க. அது என் மாமியாருக்கு வச்சது."

மாமா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மீனின் வயிற்றைக் கிழித்தார்.

"உப்பு போதுமான்னும் கேட்டுடுங்க."

"விருந்தாளிதானே. ஒரு நாள் முன்னாடி வந்துட்டாரு."

"எங்கம்மாவுக்கு முன்னாடியா?" அவள் குரல் உடைந்தது.

அந்நேரம், இன்னும் தலை வெளுக்காத இளங்கழுகு ஒன்று, தானாக மீன் பிடிக்கும் கெட்ட பழக்கம் இல்லாதது, பெரியதன்மேல் பாய்ந்தது. இரண்டும் நகம் கோத்துப் பாறைப்பக்கம் உருண்டன. மட்ரோனா நிதானமாக நடந்துபோய் மீனை எடுத்துவந்தாள்.

மறுநாள் மீன் தலையை நெருப்பில் இட்டாள். "அம்மா, தலையில எந்த வாயும் படலை. நீதான் முதல்ல."

மாமா கிழித்தது போக மிச்சம் பந்திக்குப் போனது. எல்லார் தட்டிலும் ஒரு துண்டு. ஹெர்மன் தட்டில் உருளைக்கிழங்கு மட்டும்.

"எனக்கு?"

"உங்க பங்கை மாமா நேத்தே வாங்கிட்டாரே."

கழுகுப் பக்கம் மொத்தமும் சிரித்தது.

"இன்னும் ரெண்டு கிழங்கு போடட்டுமா?" என்றாள் மட்ரோனா.