ஒன்பதாவது கேள்வி

வீடியோ மங்கலாகத் தெரிகிறது என்று போனில் கத்துபவர்களைச் சமாதானப்படுத்துவதுதான் என் பிழைப்பு. தலைக்கு ஒன்பது கேள்வி கேட்பேன், வரிசை மாறாமல். அந்த வரிசை என் புத்தியில் எவ்வளவு ஊறிப்போயிருக்கிறது என்பது அக்கா வீட்டில்தான் தெரிந்தது. நினைத்தால் இன்னமும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அக்காவுக்கு ஐந்து வயதில் காது போயிற்று. எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவாள். கூடவே வளர்ந்ததால் எனக்கும் அது வரும். அன்று காலை அவள் மகளுக்கு வெளியூரில் பட்டமளிப்பு. மாணவர்கள் சார்பில் பேசப்போவதும் அவள்தான். அழைத்துப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த அத்தான், "மீட்டிங் இருக்கு" என்று கடைசி நாளில் கையை விரித்துவிட்டார். "நேரலையில பாரும்மா. பேசி முடிச்சதும் உனக்கு மட்டும் ஒண்ணு சொல்வேன். என் உதட்டைப் பாரு" என்று மகள் செய்தி அனுப்பியிருந்தாள்.

திரையில் பேசத் தொடங்கிவிட்ட மகளுக்கு உதடே இல்லை. முகம் இருந்த இடத்தில் நாலைந்து கட்டங்கள் அசைந்தன. கல்லூரி அனுப்பிய லிங்க் ஒரு கணினியில் மட்டும்தான் திறக்கும் என்பதால் என் போனில் பார்க்கவும் வழியில்லை.

"ஒண்ணுமே தெரியலடி" என்றாள் அக்கா. குரல் உடைந்திருந்தது.

முதல் கேள்வி, நெட் வேகம். நன்றாகவே இருந்தது. பக்கத்தை மூடித் திறந்தேன். கேச்சை அழித்தேன். பிரவுசரைப் புதுப்பித்தேன். தரம் மாற்றும் இடத்தில் இருப்பதிலேயே மங்கலான 240 மட்டும்தான் அழுத்த வந்தது, மற்றதெல்லாம் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. எட்டுக் கேள்விக்கு எட்டு நிமிடம் போயிற்று. ஒன்பதாவது, பிரவுசரில் எக்ஸ்டென்ஷன் ஏதாவது போட்டிருக்கிறீர்களா?

போட்டிருந்தது. எந்த வீடியோவையும் 240ஐத் தாண்டவிடாத பூட்டு. அதற்குப் பாஸ்வேர்டு வேறு.

பக்கத்து அறைக் கதவைத் தள்ளினேன். மீட்டிங்காவது மண்ணாவது. அத்தான் காலை நீட்டிக்கொண்டு மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார். பந்தின் தையல்கூடத் தெரிந்தது.

"அக்கா கம்ப்யூட்டருக்கு என்ன பூட்டு அத்தான் இது?"

"நெட்டை அவளே இழுத்துட்டா இங்க எனக்குத் திக்குது. காது கேக்காதவளுக்குப் படம் எதுக்கு அவ்ளோ க்ளியரா?"

ரத்தம் தலைக்கேறியது.

"அவளுக்குக் காதே அதுதான்! இத்தனை வருஷம் கூட இருந்தும் தெரியலையா உங்களுக்கு? பாஸ்வேர்டைச் சொல்றீங்களா, உங்க டிவி ஒயரைப் பிடுங்கவா?"

சொன்னார். அவருடைய பிறந்த தேதி.

பூட்டைக் கழற்றியபோது அரங்கம் கைதட்டி ஓய்ந்திருந்தது. ஒன்பதாவதை முதலில் கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய பேச்சு முழுக்கப் போய்விட்டது. மகள் மைக்கை ஒதுக்கிவிட்டு கேமராவை நேராகப் பார்த்தாள். மோவாயிலிருந்த மச்சம்வரை தெளிவாகத் தெரிந்தது. சத்தமில்லாமல், நிதானமாக உதட்டை அசைத்தாள்.

"வேலை கிடைச்சிடுச்சும்மா. வீடும் பாத்துட்டேன். அப்பாவ விட்டுட்டு எங்கிட்ட வந்துடு."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அதற்குள் அத்தான் அறை வாசலில் வந்து நின்றிருந்தார்.

"என்ன, வாய் மட்டும் அசைஞ்சுது? சவுண்ட் போயிடுச்சா?"

"ஆமா அத்தான். உக்காருங்க, சரி பண்ணலாம். அதுக்கும் ஒன்பது கேள்வி இருக்கு."

உள்ளே அக்கா பரணிலிருந்து பெட்டியை இறக்கி அடுக்கி முடிக்கும்வரை, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கேட்டேன்.