சின்ன ர

கேக் கடைக்காரியிடம் க்ரீமில் ரோஜா கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு போடுவாள். எழுதச் சொன்னால்தான் தகராறு. சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பது பள்ளிக்கூடத்திலேயே அவளுக்குப் பிடிபடாத விஷயம். அவளுடைய அக்காவோ தமிழ் டீச்சர். கேட்க வேண்டுமா?

இரண்டு வருடத்துக்கு முன்னால், கடை திறந்த அன்று, முதல் கேக்கில் ‘இனிய பிரந்தநாள்’ என்று எழுதிவிட்டுப் பெருமையாக நிமிர்ந்தாள். சுற்றிலும் ஆட்கள். அக்கா எட்டிப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள்.

“என்னடி இது, பிள்ளை அரைகுறையாப் பொறந்திருக்கு.”

கடையே சிரித்தது. அக்கா மனதில் ஒன்றும் இல்லை, விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனால் இவளுக்கு மூக்குக்கு மேல் கோபம்.

“உன் டீச்சர் வேலையெல்லாம் பள்ளிக்கூடத்தோட வச்சுக்க. இனிமே என் கடை வாசல மிதிக்காத.”

அக்காவும் ரோஷக்காரி. மிதிக்கவில்லை.

அடுத்த தெருவில்தான் வீடு. இவளாவது போயிருக்கலாம். கால் வரவில்லை. அதற்குப் பதிலாக, சரியான எழுத்துகளை ஒரு தாளில் எழுதி மேஜைக்கு மேலே ஒட்டிவைத்தாள். அன்றிலிருந்து ஒரு கேக்கிலும் பிழை இல்லை. அதைப் பார்த்து மெச்ச வேண்டியவள்தான் வருவதில்லை.

தினமும் காலையில் க்ரீம் பதம் பார்க்கத் தட்டில் ஏதாவது எழுதுவாள். ‘அக்கா, சாப்டியா.’ ‘அக்கா, இன்னுமா கோபம்.’ எழுதிய கையோடு வழித்து வாயில் போட்டுக்கொள்வாள். அக்காவிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் இப்படித் தின்றே தீர்த்ததில் மூன்று கிலோ ஏறியதுதான் மிச்சம்.

அக்காவின் பிறந்தநாள் வந்தது. போனில் ‘மன்னிச்சிடு’ என்று அடித்தாள், அழித்தாள், மறுபடி அடித்தாள், அழித்தாள். கடைசியில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு நல்ல கேக்கை எடுத்து எழுதினாள். கேக் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் கணவன் வேலை. அவன் பெட்டிக்குள் பார்த்துத் திடுக்கிட்டான்.

“ஏய், பிறந்தநாளுக்குச் சின்ன ர போட்டிருக்க.”

“தெரியும்.”

“உங்க அக்காவுக்குப் போறதும்மா இது.”

“அதனாலதான். அவளுக்குப் புரியும், கொண்டு போங்க.”

வீறாப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, வண்டி கிளம்பியதும் வாசலுக்கும் மேஜைக்குமாக நடக்க ஆரம்பித்தாள். வம்புக்கு அனுப்பியதாக அவள் நினைத்துவிட்டால்? பெட்டி திரும்பி வந்தால் அதோடு முடிந்தது. அக்கா இனி இந்தப் பக்கமே வரமாட்டாள்.

சாயங்காலம் கணவன் அதே பெட்டியோடு வந்து நின்றான். இவள் முகம் தொங்கிவிட்டது.

“வாங்கிக்கலயா?”

“திறந்து பாரு.”

கேக்கைக் காணோம். ஒரே ஒரு துண்டு மட்டும் மிச்சம், அதில் அந்தச் சின்ன ர. அதைச் சுற்றி ஜாமில் சிவப்பாக ஒரு வட்டம். மூடியின் உள்பக்கம் சிவப்புப் பேனாவில், முத்து முத்தான டீச்சர் கையெழுத்து:

‘பத்து முறை திருத்தி எழுதவும். நாளை காலை நேரில் வந்து பார்ப்பேன். வாசலை மிதித்துத்தான் ஆக வேண்டும்.’

இரண்டு தடவை படித்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அந்தத் துண்டை எடுத்து ஜாமோடு சாப்பிட்டாள். பிறகு இருப்பதிலேயே பெரிய தட்டை எடுத்து வைத்து எழுத உட்கார்ந்தாள். கணவன் பின்னால் நின்று எண்ணினான்.

“ஒன்பதுதான் சரி. கடைசில திரும்பவும் சின்ன ர போட்டுட்ட.”

“இருக்கட்டும்” என்றாள். “எல்லாம் சரியா இருந்தா பாத்துட்டு உடனே கிளம்பிடுவா.”