சமத்துப் பிள்ளை வடிவு

சுடலைவடிவு பிறந்து நாற்பது நாள் ஆகியும் அவள் அழுத சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்டதில்லை. மும்பை தாராவியில் பத்து அறைகள் ஒட்டி நின்ற அந்தச் சால் குடியிருப்பில் அது பெரிய விஷயம். குழாயடியில் பெண்கள் வாயாரச் சொன்னார்கள்: "இப்பிடி ஒரு சமத்துப் பிள்ள கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும், பேராச்சி."

பேராச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. பாலைக் கொடுத்துக் கிடத்தினால் கிடத்திய இடத்திலேயே கிடக்கும் குழந்தை. சில நாள் பாலுக்கே எழுப்ப வேண்டியிருக்கும். கன்னம் உப்பி, கொழுகொழுவென்று இருந்தது. தோல் பட்டறையிலிருந்து வரும் அவள் கணவன் வெயிலுமுத்து, "எம்மவ ராணி மாதிரி தூங்குதா" என்பான்.

அடுத்த அறை மதீனா பீவிக்கும் அதே மாதத்தில்தான் மகன் பிறந்திருந்தான். காசிம் என்று பெயர். அவன் அழுதால் தகரக் கூரை அதிரும். ஐந்தாம் மாதத்தில் அவன் குப்புற விழுந்து, கையில் அகப்பட்டதையெல்லாம் வாயில் வைத்தான். வடிவுக்குத் தலைகூட நிற்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் மதீனா பீவி வடிவை மடியில் வாங்கி, காலைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏட்டி பேராச்சி, சொன்னா கோவப்படாத. இவ ஏன் இப்பிடி அசங்காமக் கெடக்கா? வெயில் நேரத்துலயும் உடம்பு சில்லுனு இருக்கு. நாக்கு வேற வெளிய தள்ளிக்கிட்டு நிக்கி. பொறந்தப்ப வந்த மஞ்சக்காமாலையும் ஒரு மாசத்துக்கு மேல எறங்கலையே. பெரிய ஆஸ்பத்திரியில ஒருக்கக் காட்டிரு."

பேராச்சிக்குச் சுருக்கென்றது. குழந்தையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள்.

"ஒங்க மவன் பகல் பூரா கத்துதான். அவனக் காட்டுங்கக்கா. எம்பிள்ள சமத்தா இருக்கது ஒங்க கண்ணுக்குப் பொறுக்கல."

மதீனா பீவியின் முகம் சுண்டிப் போனது. எழுந்து போய்விட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் பேராச்சி மிளகாயும் உப்பும் எடுத்துக் குழந்தைக்குத் திருஷ்டி கழித்தாள். அதன் பிறகு இருவரும் பேசவில்லை. இரண்டு மாதம் கழித்து மதீனா பீவியின் குடும்பம் ஆண்டாப் ஹில்லுக்குக் குடிபெயர்ந்தது. போகும்போதும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆனால் அந்த வார்த்தை போகவில்லை. ஒன்பதாம் மாதத்தில் தெருக்கோடி டாக்டரிடம் காட்டினார்கள். "வீக்னெஸ்" என்று டானிக் எழுதிக் கொடுத்தார். இரண்டு பாட்டில் தீர்ந்தும் குழந்தை உட்காரவில்லை. நாலைந்து நாளைக்கு ஒரு முறைதான் வெளிக்குப் போனது. பதின்மூன்றாம் மாதம் சளி பிடித்து மூச்சு இழுத்தபோதுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

சளி நாலு நாளில் அடங்கிவிட்டது. குழந்தை டாக்டர் ஜகந்நாதன் மட்டும் அவர்களை விடவில்லை. மாதுங்காப் பக்கத்துத் தமிழர். ரத்தம் எடுத்தார், மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தார். பிறகு இருவரையும் உட்காரவைத்தார்.

"தொண்டைல ஒரு சுரப்பி இருக்கும்மா. தைராய்டுன்னு பேர். உடம்பு வளரவும் மூளை வளரவும் அதுலேர்ந்துதான் சத்து வரணும். இந்தக் கொழந்தைக்கு அது பொறக்கறச்சேயே வேலை செய்யலை. ஆயிரக்கணக்குல ஒரு கொழந்தைக்குத்தான் இப்படி வரும்."

"மருந்து இருக்கா ஐயா?" என்றான் வெயிலுமுத்து.

"இருக்கு. தெனம் மாத்திரை. ஆயுசு பூரா நிறுத்தப்படாது. வளருவா, நடப்பா. ஆனா மூளை வேகமா வளர்ற காலம் மொதல் சில மாசம்தான். அது போயிடுத்து."

பேராச்சி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "காமாலை வந்துச்சே ஐயா. எல்லாப் பிள்ளைக்கும் வாரதுதானேன்னு இருந்துட்டேன்."

"எல்லாருக்கும் வரதுதான். ரெண்டு வாரத்துல போயிடும். போகலைன்னாதான் ஏன்னு பாக்கணும்."

"அஞ்சாம் மாசம் கொண்டாந்திருந்தா?"

டாக்டர் எக்ஸ்ரேயை உறைக்குள் போட்டார். "இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்" என்றார். "உங்க தப்பு இல்லைம்மா. பெரிய டாக்டர்களே பாத்துட்டுத் தவற விடறா."

அந்தக் கடைசி வார்த்தைகள் அவள் காதில் ஏறவில்லை.

மாத்திரையைப் பொடித்துப் பாலாடையில் கரைத்துக் கொடுத்தாள். மூன்றாம் வாரம் வடிவின் உள்ளங்காலில் சூடு வந்தது. பிறகு ஒரு காலை, பால் ஆறத் தாமதமானதும் குழந்தை வாயைப் பிளந்து வீறிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்தாள்.

"என்னட்டி, பிள்ள இப்பிடி அழுதா, தூக்காம நிக்க?"

"அழட்டும் மதினி" என்றாள் பேராச்சி. "பதினாலு மாசத்து அழுக." அவளும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

மூன்று வயதில் வடிவு நடந்தாள். ஐந்து வயதில் அவளுக்குத் தெரிந்த வார்த்தைகள் நாலு. பள்ளிக்கூடத்தில், "அடுத்த வருஷம் பாப்போம்" என்றார்கள். அந்த அடுத்த வருஷம் வராது என்று பேராச்சிக்குத் தெரிந்தது. மறுநாளே மகளைக் கூட்டிக்கொண்டு ஆண்டாப் ஹில் பஸ் ஏறினாள்.

கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தாள். மதீனா பீவி வாசலில் கோதுமை புடைத்துக்கொண்டிருந்தாள். வடிவைப் பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது.

"நீங்க சொன்ன அன்னைக்கே கேட்டிருக்கணும்க்கா. ஒங்களப் பழி சொன்னேன்."

மதீனா பீவி தலையை ஆட்டினாள். "மறுநாளு ஒன் வீட்டுக்காரர்ட்டயாவது சொல்லிருவோம்னு வாசல் வரைக்கும் வந்தேன்ட்டி. எனக்கும் ரோஷம். திரும்பிப் போயிட்டேன். இன்னொரு வாட்டி சொல்லியிருக்கலாம்."

பேராச்சிக்கு அது புதிது. இத்தனை வருஷமாகத் தான் ஒருத்திதான் சுமக்கிறோம் என்றிருந்தாள். முறத்தைத் தன் பக்கம் இழுத்து, மீதிக் கோதுமையைப் புடைக்கத் தொடங்கினாள்.

அதற்குள் காசிம் பள்ளிக்கூடப் பையோடு ஓடி வந்தான். வடிவை மேலும் கீழும் பார்த்தான். அவள் அவன் தோளுக்குத்தான் இருந்தாள்.

"பாப்பாவுக்கு எத்தன வயசும்மா?"

"ஒன் வயசுதாம்ல" என்றாள் மதீனா பீவி.

"ஜூட்! பொய்யி!" என்று சிரித்தான்.

மதீனா பீவி அவனை அதட்டக் கை ஓங்கினாள். பேராச்சி தடுத்தாள். "அவனுக்கு என்னக்கா தெரியும்?"

சாயங்காலம் மதீனா பீவியே வடிவை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை வந்தாள். பஸ் வந்தது. வடிவு அவள் தோளில் தலை சாய்த்து முந்தானையைக் கையில் சுற்றியிருந்தாள். அதைப் பிரித்தெடுக்க இருவருக்கும் மனம் வரவில்லை. அந்த பஸ்ஸை விட்டுவிட்டார்கள்.